கட்டாத பாரத்தோடு ஓடும் வாகனத்தைக் கண்டால் யாரிடம், எப்படிச் சொல்வது?

கேள்வி: 2025 பெப்ரவரி 9

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறேன். பாலத்தில் ஏறும்போது முன்னால் மணல் டிப்பர் போனால் அன்றைய காலை கெட்டது. தறப்பாள் போடுவதில்லை, காற்று அடிக்க அடிக்க மணல் கண்ணுக்குள் வருகிறது. கடந்த வாரம் சீனக்குடாப் பக்கத்தில் ஒரு லொறியிலிருந்து கருங்கல் ஒன்று விழுந்து என் முன்னாலேயே உருண்டது. பொலிஸின் 119க்கு அழைத்துச் சொன்னால் பயன் உண்டா? என் பெயர் வெளியே வருமா? வேலைத்தலத்தில் எல்லோரும் "உனக்கேன் ஊர் வம்பு, இடைவெளி விட்டு ஓடு" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

பெப்ரவரி 9, இரவு

பயன் உண்டு, சொல்லுங்கள். இடைவெளி விட்டு ஓடச் சொல்பவர்களும் பிழையாகச் சொல்லவில்லை, ஆனால் அது உங்களைக் காப்பாற்றுமே தவிர, உங்களுக்குப் பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருபவரைக் காப்பாற்றாது.

நான் இதுவரை மூன்று முறை முறையிட்டிருக்கிறேன். ஒன்று வீணாயிற்று, ஒன்றுக்கு என்ன நடந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஒன்று பலித்தது. அந்தப் பலித்த முறைப்பாடுதான் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. அதை முதலில் எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த வாரம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று, அதில் 20 அடி முறுக்குக் கம்பிக் கட்டு. அந்த வாகனத்தின் பெட்டி ஏழு அடி சொச்சம்தான் இருக்கும். ஆகவே கம்பியின் தலை சாரதியின் கூரைக்கு மேலும், வால் பின்பலகையைத் தாண்டி ஓர் ஆள் நீளத்துக்கு வெளியிலும் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் தும்புக் கயிறு. நுனியில் சிவப்புத் துணி இல்லை. பிரட்றிக் கோட்டை வாசலுக்குச் சற்று இப்பால் மான் ஒன்று வீதிக்கு இறங்கியது. (வெளியூர்க்காரருக்காக எழுதுகிறேன்: எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் மாடுகளைப் போலக் கடைத்தெருவில் நடமாடும், குப்பைத் தொட்டியில் வாழைப்பழத் தோல் தின்னும்.) சாரதி பிரேக் போட்டார், நானும் போட்டேன். என் முன்சக்கரம் நின்ற இடத்துக்கும் கம்பி நுனிகளுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. இவ்வளவோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். மான் போனதும் அவர் வெடுக்கென்று எடுத்தார். வாகனம் முன்னே போயிற்று, நான்கு கம்பிகள் போகவில்லை. அவை பின்பக்கமாகச் சரிந்து, ஒன்று என் முன்விளக்கை நொறுக்கி, மற்றவை வீதியில் விழுந்து எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவர் நிற்கவில்லை. சத்தம் கேட்காமல் போனாரா, கேட்டும் போனாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், கம்பிகளை ஓரத்துக்கு இழுத்துப் போட்டேன், 119க்கு அழைத்தேன். அதற்குப் பிறகு நடந்தவை நீளமானவை. இன்று முடியாது, நாளைக்குப் பத்தாம் ஆண்டு விடைத்தாள்கள் கொடுக்க வேண்டும்.

பெப்ரவரி 10

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். உள்ளங்கையில் எழுதிய இலக்கம் பிழை. கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். அவசரத்தில் கண் சரியாகத்தான் பார்க்கிறது, கைதான் தன் விருப்பத்துக்கு எழுதுகிறது. அந்தப் பிழையான இலக்கத்தோடு யாரோ ஓர் அப்பாவியின் வாகனம் மாட்டியிருக்கும். நல்ல வேளையாக எனக்குப் பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் தன் கைபேசியில் படம் எடுத்திருந்தார். அன்றிலிருந்து நான் இலக்கத்தை எழுதுவதில்லை. வாய்விட்டு மூன்று முறை சொல்லுவேன், நிறுத்தியதும் என் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்வேன். ஓடிக்கொண்டே படம் எடுக்க முயல வேண்டாம். அப்படி எடுப்பவர் தானே இன்னொருவருடைய முறைப்பாட்டுக்குப் பொருளாகிவிடுவார்.

வீணாய்ப் போன முறைப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பிழை முழுவதும் என்னுடையது. கண்டி வீதியில் தகரம் ஏற்றிய ஒரு கன்டர் லொறி, மேல் தகரம் பறவை சிறகடிப்பதைப் போலப் படபடத்துக்கொண்டு நகரத்திலிருந்து வெளியே போயிற்று. நான் அழைத்து "நாலாம் கட்டை" என்றேன். எதிர்முனையில் இருந்தவர் அதை நான்காவது கிலோமீற்றர் என்று எடுத்துக்கொண்டார் என்பது பேச்சு முடியும் தறுவாயில்தான் எனக்கு விளங்கிற்று. நாங்கள் கட்டை என்று சொல்வது வெள்ளைக்காரன் காலத்து மைல்கல். நான்கு மைல் என்றால் கிட்டத்தட்ட ஆறரைக் கிலோமீற்றர். போதாக்குறைக்கு, வீதியோரத்தில் இன்று நிற்கும் கிலோமீற்றர் கல் இந்த வீதியின் மறுமுனையான அம்பேபுஸ்ஸவிலிருந்து எண்ணி வருவது. அதில் இருநூறை நெருங்கிய எண் இருக்கும். அதே வீதியில் தம்பலகாமத்துப் பக்கம் தொண்ணூற்றுச் சொச்சம் கட்டைகள் வருகின்றன. ஒரே வீதியில் மூன்று கணக்கு. கடைசியில் "பாலையூற்றைத் தாண்டி, கந்தளாய்ப் பக்கமாகப் போகிறது" என்று சொல்லியிருந்தால் போதும் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றிற்று. எந்த ஊரைத் தாண்டியது, எந்த ஊரை நோக்கிப் போகிறது, இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

பெப்ரவரி 12

இடைவெளி எவ்வளவு என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ 0.64 செக்கன் எடுக்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் லொறி அந்த நேரத்தில் ஏறத்தாழ 9 மீற்றர் போய்விடும். ஆகவே விழும் கல் லொறிக்கு 9 மீற்றர் பின்னால் வந்து விழும். அந்த 9 மீற்றருக்குள் நீங்கள் இல்லாவிட்டால் தலையில் விழாது.

பெப்ரவரி 13

மேலேயுள்ள கணக்கைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். எங்கள் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியை அதை வாசித்துவிட்டு, ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "சேர், கல்லுக்கு வேகம் இல்லையா?" என்று கேட்டார். நான் தமிழ் படிப்பிக்கிறவன். கல்லுக்கு ஈரம் இல்லை என்பது தெரியும். வேகம் இருப்பது மறந்துவிட்டது.

கல்லும் லொறியோடு சேர்ந்து 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருந்ததுதானே. ஆகவே அது விழும்போதும் முன்னோக்கிப் போய்க்கொண்டே விழும். லொறியின் பின்பலகைக்குக் கிட்டவே தரையைத் தொடும், பிறகு உருண்டும் துள்ளியும் வேகம் குறையும். கேள்வி கேட்டவருக்கு முன்னால் கல் "உருண்டது" என்று அவர் சரியாகவே எழுதியிருக்கிறார். பாரமான பொருள் இப்படி. தகரம், றெஜிபோம் மெத்தை, வெறும் சாக்கு போன்றவை நேர்மாறு: காற்று அவற்றைப் பிடித்து உடனே நிறுத்திவிடும், ஓடி வருபவனுக்கு முன்னால் திடீரென்று சுவர் எழும்பியதைப் போல இருக்கும். எதிர்த்திசையில் வருபவனுடைய நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அவன் வேகமும் சேர்கிறது. எங்கள் வீதிகளில் நடுவே தடுப்பு இல்லை. பறக்கிற தகரத்துக்கு வெள்ளைக் கோடு தெரியாது.

ஆசிரியையின் கணக்கு இது: 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் போகிறோம். கண்டு, விளங்கி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கனாவது வேண்டும். ஆகவே குறைந்தது இரண்டு செக்கன், அதாவது 28 மீற்றர் விட வேண்டும்; கட்டாத பாரம் என்றால் அதையும் இரட்டிப்பாக்க வேண்டும். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்கி, நாம் அந்தக் கம்பத்துக்கு வர எத்தனை செக்கன் என்று பார்ப்பது எளிய வழி. நகருக்குள் இந்த இடைவெளியை விட்டால் மூன்று முச்சக்கரவண்டிகள் புகுந்துவிடும் என்பதும் உண்மை.

பெப்ரவரி 16

இந்த வாரம் வீதியில் கண்டவற்றைக் குறித்து வைத்தேன். தறப்பாள் இல்லாத மணல் டிப்பர்கள், எண்ணுவதை விட்டுவிட்டேன். மணல் ஈரமாக இருப்பதால் பறக்காது என்று ஒரு சாரதி எனக்கு விளக்கினார். ஏற்றிய இடத்தில் ஈரம்தான், கிண்ணியாப் பாலம் வரும்போது மேற்பரப்பு காய்ந்துவிடும், அங்கே குடாவிலிருந்து வரும் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பாலம் 2009இல் திறந்தபோது, 396 மீற்றர் நீளத்தோடு இலங்கையிலேயே மிக நீளமான பாலம் என்று பெருமைப்பட்டோம். மணல் லொறிக்குப் பின்னால் போகிறவனுக்கு அந்த நீளம் பெருமையாக இராது. படகுப்பாதைக் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. அப்போது எல்லோரும் சேர்ந்து கரையில் காத்திருந்தோம், மணலும் காத்திருந்தது.

வளைவுகளில் சிந்திக் கிடக்கும் மணலைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. மோட்டார் சைக்கிள்காரனுக்கு அது பறக்கிற மணலைவிடக் கெட்டது. சறுக்கி விழுந்தவனை "வேகமாக வந்திருப்பான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

வாரத்தின் உச்சம் வெள்ளிக்கிழமை உப்புவெளிப் பக்கம் கண்டது. ஹோட்டல் ஒன்றுக்குப் போகும் மெத்தைகள், ஆறோ ஏழோ, அடுக்கடுக்காக. கயிறு இல்லை. கயிற்றுக்குப் பதிலாக மேல் மெத்தையில் ஒரு பையன் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். உலகத்தில் மெத்தையில் படுத்துக்கொண்டு உழைப்பவன் இவன் ஒருவன்தான் என்றும் நினைத்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காற்று அந்த மெத்தையைத் தூக்கினால் அவன் அதைப் பிடித்து வைத்திருக்கமாட்டான், அது அவனைத் தூக்கிக்கொண்டு போகும். நம் ஊரில் நெல் மூட்டை, வைக்கோல், மரத் தளபாடம் எதுவானாலும் மேலே ஓர் ஆளை ஏற்றிவிட்டால் பாரம் கட்டியாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அந்த ஆள் பாரத்தின் பகுதி, அவனையும் ஒருவரும் கட்டவில்லை.

இதைத்தான் என் நான்காவது முறைப்பாடாகச் சொன்னேன். முடிவு தெரியாதது என்று முதல் குறிப்பில் நான் சொன்னது வேறு ஒன்று. ஆக இப்போது மொத்தம் நான்கு. மெத்தைக்காரரை நிலாவெளி வீதியில் மறித்துப் பையனை இறக்கிவிட்டார்கள் என்று அன்று மாலையே அங்கே கடை வைத்திருக்கும் மைத்துனர் சொன்னார். மெத்தைகள் கட்டப்பட்டனவா என்று கேட்டேன். இல்லை, இறங்கின பையன் முன்னிருக்கையில் ஏறினான், வண்டி போய்விட்டது என்றார்.

பெப்ரவரி 23

கம்பி லொறியின் மிச்சக் கதையை எழுதுவதாகச் சொல்லி இரண்டு வாரங்களாயிற்று. தள்ளிப் போட்டது வேலையால் மட்டுமல்ல.

அழைப்புக்கு நான்கு நாட்களின் பின் வாக்குமூலம் கொடுக்க ஒரு பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையானவர், நாற்காலி கொடுத்தார், நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதி, முடிவில் ஒப்பமிடச் சொன்னார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிடமாட்டேன் என்றேன். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அது தெரிந்தே இருந்தது, தமிழில் எழுத ஆள்தான் இருக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். தமிழ் எழுதத் தெரிந்த இளம் பெண் உத்தியோகத்தர் ஒருவர் கடமைக்கு வந்து மறுபடி முழுவதையும் எழுதினார். இரண்டாவது முறை சொல்லும்போது முதல் முறை விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்தது: கயிறு அறுந்திருக்கவில்லை. கம்பிகள் போன பிறகும் கயிறு கட்டியபடியே இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாரதிக்கு 23 வயது. முச்சக்கரவண்டிக்காரர் எடுத்த படம் இருந்ததால் மறுக்கவில்லை. நீதிமன்றத்தில் தண்டம் கட்டினான். என் விளக்குக்கும் காசு தந்தான், நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தகப்பன் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மனைவி கேற்றிலேயே நின்றுகொண்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் இருந்தார், தேநீரும் குடித்தார். எனக்கு அவரைத் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய மூத்த மகள் பதினைந்து வருடங்களுக்கு முன் என்னிடம் படித்தவள்.

"சேர், பொடியன் செய்தது பிழைதான், நான் இல்லையெண்டு சொல்ல வரயில்ல. ஆனா அவன் கூலிக்கு ஓடுறவன். ஒரு நாளைக்கு எத்தனை நடை எண்டுதான் முதலாளி கேப்பார், எத்தனை முடிச்சுப் போட்டாய் எண்டு கேக்கமாட்டார். இப்ப வேலையும் இல்ல."

கடைக்காரர் அவனை நிறுத்திவிட்டு அடுத்த நாளே வேறொரு பையனை ஏற்றிவிட்டார். அதே பட்டா, அதே கயிறு. நானே கண்டேன், தகப்பன் வந்து போன மறுவாரம், மட்கோ சந்தியில்.

முறைப்பாடு செய்ததற்காக வருந்துகிறேனா என்று கேட்டால், இல்லை. என் தலை இருந்த உயரத்தில்தான் கம்பி நுனிகள் இருந்தன. ஆனால் என் வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்: அதில் வாகன இலக்கம் இருந்தது, நேரம் இருந்தது, சாரதியின் சட்டை நிறம்கூட இருந்தது, கடையின் பெயர் இல்லை. கடையின் பெயர் அந்த லொறியின் பக்கவாட்டில் முழ எழுத்தில் எழுதியிருந்தது, நானும் வாசித்தேன், வாகனத்தை ஓட்டியவனைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்து அதைச் சொல்லாமல் விட்டேன். ஏற்றியவர் யார், அனுப்பியவர் யார், இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னவர் யார் என்பது கண்ணால் கண்ட சாட்சிக்குத் தெரியாது. தெரிந்த அளவையாவது சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "உங்கள் கதையைக் கேட்ட பிறகு பயம் கூடிவிட்டது, சாரதியின் தகப்பன் வீட்டுக்கே வருகிறார்." அவர் வந்தது என் பெயர் கசிந்ததால் அல்ல. சிறிய ஊர், முன்விளக்கு உடைந்த மோட்டார் சைக்கிளோடு ஒரு வாத்தியார் மூன்று நாள் திரிந்தால் ஊர் தானாகவே கணக்குப் போட்டுவிடும். மிரட்டல் வந்தால் அது வேறு விடயம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் ஒன்று 2015இல் வந்து, அதன் இடத்தில் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். ஆள் காயப்பட்டால் முதலில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ், பிறகு மற்றவை. தனியார் பஸ்ஸின் கூரையில் கட்டாத பாரத்தைக் கண்டால் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

மார்ச் 9

"இது இங்கே மட்டும்தான் இப்படி, வெளிநாட்டில் இப்படி நடக்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நடக்கிறது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் 2004இல் ஓர் இளம்பெண் இரவு வேலை முடிந்து கார் ஓட்டி வந்தபோது, முன்னால் போன இழுவைப் பெட்டியிலிருந்து தளபாடப் பலகை ஒன்று பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவருடைய முகத்தில் அடித்தது. உயிர் தப்பினார், பார்வை போய்விட்டது. தாயார் விடவில்லை, 2005இல் அந்த மாநிலம், பாரத்தைக் கட்டாமல் விட்டு ஆளுக்குக் கடும் காயம் ஏற்படுத்துவதைக் குற்றமாக்கியது.

அந்த நாட்டு மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ.யின் ஆய்வு நிதியம் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, 2011 முதல் 2014 வரை வீதியில் கிடந்த பொருட்களால் 200,000க்கும் அதிகமான விபத்துகள், ஏறத்தாழ 500 மரணங்கள். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விபரம் வேறு: அந்த மரணங்களில் கிட்டத்தட்ட 37 வீதம், பொருளில் மோதாமல் இருக்க ஓட்டுபவர் திடீரென்று திருப்பியதால் வந்தவை. நானும் அன்று கம்பியைக் கண்டு இடப்பக்கம் வெட்டினேன். இடப்பக்கம் மான் நின்றிருந்தது. இதை முதல் குறிப்பில் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது.

ஐரோப்பாவில் பாரத்தைக் கட்டும் அளவுகோல் எழுத்தில் இருக்கிறது: முன்னோக்கிச் சரியாமல் இருக்கப் பாரத்தின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கையும் கட்டு தாங்க வேண்டும். பௌதிகவியல் ஆசிரியை இதையும் கணக்குப் போட்டுத் தந்தார். 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்று, ஆறு மீற்றர் நீளத்துக்கு, ஏறத்தாழ 5.3 கிலோ. நூறு கம்பி 530 கிலோ. பிரேக் போடும்போது 425 கிலோ எடை முன்னால் தள்ளும். தள்ளும் இடத்தில் இருப்பது சாரதியின் பிடரி. அந்தப் பையனுக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. என் முறைப்பாடு அவனுக்கு எதிரானது என்றே நானும் அவனும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 23

இவ்வளவு எழுதிய பிறகு இதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. 2019இல் என் வீட்டுக் குசினிக்குக் கூரை மாற்றியபோது பதினெட்டுத் தகரங்களை லான்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கயிறு இல்லை. மேலே இரண்டு சீமெந்துக் கல் வைத்தோம், அதற்கு மேல் நான் இருந்தேன். மெத்தைப் பையனைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான். அன்று யாராவது முறையிட்டிருந்தால் தண்டம் கட்டியிருக்க வேண்டியவர் லான்ட்மாஸ்டர்காரர். கட்ட நேரமில்லை, மழை வரப்போகிறது என்று அவரை அவசரப்படுத்தியது நான். வரும் வழியில் அவர் இரண்டு முறை "சேர், கட்டிப்போட்டு வருவமா?" என்று கேட்டார்.

அறுவடை முடிந்து தம்பலகாமத்து வயல்களிலிருந்து வைக்கோல் வரத் தொடங்கியிருக்கிறது. உழவு இயந்திரப் பெட்டியின் அகலத்தைப் போல இரு மடங்கு வைக்கோல், பின்விளக்கு அதற்குள் புதைந்து கிடக்கும், இருட்டில் கிட்டப் போகும் வரை தெரியாது. முன்னே இருப்பவரைப் பின்னே வருபவரும் பின்னே வருபவரை முன்னே இருப்பவரும் காண முடியாத ஒரே வாகனம் இதுதான். நேற்று ஒருவரை மறித்து, முறையிடாமல், என் பழைய தலைக்கவசத்திலிருந்து பிய்த்த ஒளிப்பட்டையை வைக்கோலின் பின்னால் ஒரு தடியில் கட்டிக் கொடுத்தேன். "நல்லா இருக்கு வாத்தியார், மாட்டுக்கும் வழி தெரியும்" என்றார்.

ஓகஸ்ட் 17

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். பொலிஸ் திணைக்களம் கடந்த மாதம் அறிமுகப்படுத்திய ஈ-டிராபிக் செயலியைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். படமோ காணொளியோ நேரடியாகத் தலைமையகத்துக்கு அனுப்பலாம். எந்தக் கட்டை, எந்தக் கிலோமீற்றர் என்ற என் பழைய தலைவலிக்கு அது ஓரளவு மருந்து. நான் ஒரு முறை பயன்படுத்தினேன், கருங்கல் லொறிக்காக. விபரம் எழுதும் இடத்தில் வாகன இலக்கத்துக்கு அடுத்தபடியாகப் பக்கவாட்டில் எழுதியிருந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதினேன்.

இன்னொன்று. குளியலறைக்குத் தட்டுப் போடக் கம்பி வாங்க நேற்று ஒரு கடைக்குப் போனேன், முந்திய கடை அல்ல. ஏற்றி வந்து தரும் சாரதியாக நின்றவன் அந்தப் பையன். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டோம், இருவரும் சற்று நேரம் கம்பியைப் பார்த்தோம். அவன் நைலோன் கயிற்றை எடுத்து மூன்று இடத்தில் இறுக்கினான். பிறகு, "சேர், இழுத்துப் பாருங்கோ" என்றான்.

வெளிச்சுற்றுக் கம்பிகளை இழுத்தேன், அசையவில்லை. நடுவில் இருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தேன், எண்ணெய் தடவினதைப் போல ஒரு முழம் வெளியே வந்தது. ஜனவரியில் கயிறு அறாமலே கம்பி எப்படிப் போயிற்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கயிறு வெளியே இருப்பதைத்தான் பிடிக்கிறது, உள்ளே இருப்பது ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் நிற்கிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்தான். கட்டுக்கம்பி கொண்டு வந்து, கம்பிகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு சிறு கட்டையும் இரண்டு முனையிலும் முறுக்கி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கயிறு போட்டான். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். நுனியில் கட்டச் சிவப்புத் துணி கிடைக்கவில்லை. கடையில் தொங்கிய சிவப்புப் பொலித்தீன் பையைக் கட்டினோம்.

முடிக்க இருபத்தைந்து நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் கடைக்காரர் இரண்டு முறை வாசலுக்கு வந்து மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.